மலையும் சமவெளியும் ஒன்றெனக் கொள்ளுதல்

இரண்டு விகிதங்களை ஒப்பிடுங்கால் இரு கணக்கையும் ஒன்றாய்க் கூட்டலாமோ என்று மாணவர் வினவுவதுண்டு. கூட்டலாம், எப்பொழுது என்பதை அறியவேண்டும்.

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் 100 இளைஞருள் 40 பேரும், கீழே போளூர்ச் சமவெளியில் 100 இளைஞருள் 60 பேரும் பத்தாம் வகுப்புத் தேறினர் என வைத்துக்கொள்வோம். (இவை உதாரணத்திற்காக நாம் கற்பித்த எண்களேயன்றி எடுத்த கணக்கல்ல.) "உண்மையில் இரு விகிதமும் ஒன்றே, கண்ட வேற்றுமை தற்செயல்" என்னும் கருதுகோளைச் சோதிக்கப் புகுவோர், அதனைச் சற்று நேரம் மெய்யென்றே கொள்ளல்வேண்டும். மெய்யாயின் விகிதம் ஒன்றுதானே? ஆகவே 200 பேரையும் சேர்த்து, நூற்றுக்கு 50 என மதித்துத் திட்டப்பிழையைக் கணிப்பதே முறை. அது நூற்றுக்கு ஏறக்குறைய 7, வேற்றுமையோ 20. கருதுகோள் வீழ்ந்தது.

வீழ்ந்த பின்னும் அக்கூட்டை விடாது பற்றுவோரைக் கண்டே நாம் வருந்துகிறோம். வேற்றுமை எவ்வளவு என்று மதிப்பிடுங்கால் ஒவ்வொரு விகிதத்தையும் தனித்தனியே வைத்தே பிழை காணவேண்டும். அவ்வாறு காணின் 95 சதவிகித நம்பிக்கை இடைவெளி 6 முதல் 34 வரை செல்லும். வேற்றுமை 10க்கு மேற்பட்டதோ என்று சோதிப்பினும் கூட்டலாகாது. அங்கே ஒரே விகிதம் என்ற கொள்கையே இல்லை. இரு முறைக்கும் விடையில் பேதம் அற்பமே என்பர் சிலர். இவ்வெண்களில் அற்பமே, ஒப்புகிறோம். ஆயினும் "சராசரி 50" என்று அறிக்கையில் அச்சேறிவிட்டால், மலைப்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி வேண்டும் என்று கேட்பதற்கு எந்த எண்ணைக் காட்டுவது?