பெயரில்லாப் பரிசு

கண்டிக்குத் தெற்கே மலைமடிப்புகளுக்கிடையே கிடக்கும் தெல்தோட்டையைச் சரித்திர மாணவர் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்தியர் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார். இந்நாட்டுத் தேயிலைத் தொழிலின் தொட்டில் அதுவே. அத்தொட்டிலை ஆட்டிய கைகளின் வழித்தோன்றல்களிற் பலர் இன்று கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கிறார்கள். தீபாவளி வந்தால் அவர்கள் பெற்றோருக்கு அனுப்பும் அன்பளிப்பு தபாற்காரர் கையில்தான் வரவேண்டுமென்பதில்லை. தொலைபேசித் திரையிலே சில இலக்கங்களாகவும் வந்து நிற்கலாம். அவ்விலக்கங்களைக் கடையிலே காட்டிச் சேலையோ அரிசியோ வாங்கிக்கொள்ளலாம். இதனையே மின்-பரிசுச்சீட்டு என்கிறோம். பேச்சு வழக்கில் வவுச்சர்.

கொழும்பிலுள்ள மகனொருவன் 5,000 ரூபாவுக்கு இத்தகைய சீட்டொன்றைத் தாய்க்கு அனுப்பினான் என்று வைத்துக்கொள்வோம். தாய் அதனை உடனே செலவிடுவாளா? பொங்கலுக்கு ஆகட்டும் என்று பொத்திவைப்பாள். பொங்கலுக்கு முதல்வாரம் பஸ் ஏறிக் கண்டிக்குச் சென்று, பொருள்களைத் தெரிந்தெடுத்து, வரிசையில் நின்று, தொலைபேசியை நீட்டுகிறாள். காசாளர் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே பாவிக்கப்பட்டுவிட்டது, அம்மா" என்கிறார். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவென வகுக்கப்பட்டது. அந்தக் கணக்கிற் பார்த்தால் தொலைந்தது ஏறக்குறைய நான்கு நாட்களின் உழைப்பு. ஆயினும் பணநட்டத்தினும் பெரிதொன்று உண்டு. எடுத்த பொருள்களைப் பலர் பார்க்கத் திரும்ப வைத்துவிட்டு வெளியேறும் மானக்குறைவே அது. அதன்பின்னும், "நீ தந்த பரிசு செல்லவில்லை" என்று மகனிடம் சொல்ல அவளுக்கு வாய் வராது. கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்பது நம் பண்பாடு. அந்த நல்ல பண்பின் மறைவிலேதான் திருடன் தப்பிச் செல்கிறான்.

திருட்டு எவ்வாறு நிகழ்கிறது? வழிகள் பல. மின்னஞ்சற் கணக்கையோ வாட்ஸப் கணக்கையோ கைப்பற்றியவன் அங்கு கிடக்கும் சீட்டின் இலக்கங்களைப் படித்துக்கொள்கிறான். அவ்விலக்கங்கள் கைமாறும் இடங்களில் உள்ளிருப்பவரே களவாடுவதும் உண்டு. கடையிலே தொங்கும் அட்டையாயின், அதனை எடுத்துச் சென்று, மறைவிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, பழையபடி ஒட்டி வைத்துவிடுவார்கள். யாரோ ஒருவர் பணம் கொடுத்து அதற்கு உயிரூட்டியதும் தொகை பறந்துவிடும். எதையுமே பாராமல், எந்திரத்தைக் கொண்டு இலட்சக்கணக்கான எண்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பணமுள்ள சீட்டைக் கண்டுபிடிப்போரும் உளர். 2017 இல் இத்தகைய எந்திர நிரலொன்று ஏறக்குறைய ஆயிரம் இணையத்தளங்களைத் தாக்கியமை கண்டறியப்பட்டது.

இத்தனை வழிகளுக்கும் வேர் ஒன்றே: இச்சீட்டுக்குப் பெயரில்லை. எண்ணை அறிந்தவன் எவனோ அவனே உரிமையாளன். தாள் யார் கையில் இருக்கிறதோ அவரே எசமான் என்ற நிலை மலையகத்துக்குப் புதிதன்று. ஒரு காலத்தில் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் அவனை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுத்த "துண்டு", கங்காணிமார் கையிலே ஒரு பண்டமாக உலாவிற்று. தாளில் எழுதப்பட்டவன் தொழிலாளி. தாளை ஆண்டவன் வேறொருவன். 1921 ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறைக்கு முடிவு கட்டிற்று.

பெயரில்லாத் தாளின் ஆபத்தை முன்னோர் அறிந்தே இருந்தனர். இங்கிலாந்திலே தபால்வண்டிகளை வழிமறிப்போர் மலிந்திருந்த நாளில், வங்கி நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவர். அது சேர்ந்ததென்று மறுமொழி வந்த பின்னரே அடுத்த பாதி புறப்படும். இந்தியாவிலும் இவ்வழக்கம் நிலவியது. மணியோடர் பெறுபவரின் பெயரைத் தாங்கி வந்தது. காசோலையின் மூலையில் இரண்டு கோடுகளைக் கீறினால், அது வங்கிக் கணக்கினூடாகவன்றிப் பணமாக மாறாது. நோட்டை வெட்டக் கத்தரிக்கோலும் கோடு கீறப் பேனாவும் போதும் என்றிருந்த காவலை, மின்னல் வேகத்திற் பணம் அனுப்பும் இக்காலத்து வணிகம் கைவிட்டுவிட்டது. பெயரைக் கேட்டால் விற்பனை தாமதிக்கும் என்பதே காரணம்.

இனி, நட்டம் யாருடையது என்ற வினா எழுகிறது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் உள்ளன. இவை திருடனைத் தண்டிக்க வந்தவை. தாயின் சேலையைத் திருப்பித் தருவது இவற்றின் முதல் நோக்கமன்று. இந்தியாவிலே வங்கிக் கணக்குக்கு 2017 இல் ரிசர்வ் வங்கி ஒரு நெறி வகுத்தது. பிழை வங்கியிடமுமன்றி வாடிக்கையாளரிடமுமன்றி வேறிடத்தில் நிகழ்ந்து, அவர் மூன்று வேலைநாட்களுக்குள் அறிவித்துவிட்டால், அவருக்கு நட்டமில்லை என்பதே அது. அதே நீதி பரிசுச்சீட்டுக்கும் வேண்டும் என்பது நம் கருத்து. பணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்பவர் சீட்டை வெளியிட்டவர். மீட்கப்படாது காலங்கடந்த சீட்டுகளாலும் ஆதாயம் அடைபவர் அவரே. பூட்டைச் செய்பவரும் அவரே. பூட்டு உடைந்தால் வீட்டாரை மட்டும் நோவது முறையாகாது.

பிற நாடுகள் வாளாவிருக்கவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2024 இல் சட்டமியற்றி, பரிசு அட்டைகளைத் திறந்தால் தெரியக்கூடிய உறையிலிட்டு விற்கவும், கடை ஊழியருக்கு மோசடியைக் கண்டறியும் பயிற்சி அளிக்கவும் பணித்தது. இந்தியா 2021 ஆகஸ்ட் 2 ஆம் தேதி அறிமுகஞ்செய்த இ-ரூபி என்னும் வவுச்சர், குறித்த ஒருவருக்கே, குறித்த ஒரு தேவைக்கே உரியது. மீட்கும் வேளையில் அவருடைய தொலைபேசிக்கு வரும் எண்ணைச் சொன்னாலன்றி அது செல்லாது. பழைய இரட்டைக் கோடு இங்கே புதுவடிவிலே திரும்பியிருக்கிறது.

நம்மவர் செய்யக்கூடியது என்ன? அனுப்புபவர் பற்றுச்சீட்டைப் பேணிவைக்க வேண்டும். கடையோடு உடன்படிக்கை செய்தவர் அவரே. இலக்கத்தை ஒரு வழியாலும் இரகசிய எண்ணை வேறொரு வழியாலும் அனுப்பலாம். பாதி நோட்டின் பாடம் அது. பெறுபவர் பண்டிகைவரை பொத்திவைக்காது விரைவில் மீட்பது நன்று. சீட்டு வெறுமையாகிவிட்டால், "பாவிக்கப்பட்டுவிட்டது" என்ற விடையோடு திரும்பக்கூடாது. எந்நாள், எந்நேரம், எக்கிளையில், எப்பொருளுக்கு என்று எழுத்திலே கேட்க வேண்டும். அவ்விவரம் வெளியிட்டவரின் பதிவேட்டிலேதான் கிடக்கிறது. சீட்டைச் செலவிட்டவள் தாயல்லள் என்று காட்ட அது உதவக்கூடும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற எண்ணிலும், கணினி அவசர உதவி அமைப்பை 101 என்ற எண்ணிலும் அழைக்கலாம். முன்னதற்கு எழுத்துமூல முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் செய்ய வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. தீபாவளிக்கு வந்த சீட்டைப் பொங்கலுக்கு எடுப்பவருக்கு அத்தவணையின் பெரும்பகுதி கழிந்துவிட்டிருக்கும். சீட்டு ஓராண்டு செல்லுமென்று விற்கப்பட்டிருப்பினும், முறைப்பாட்டுக் காலம் அதுவரை காத்திராது. சட்டம் திருத்தப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

ஆசிரியர்களுக்கு வவுச்சர் என்பது அந்நியச் சொல்லன்று. பாதணி வவுச்சரை வகுப்பிலே கையளிக்கும்போது பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்து, அவன் கையிலேயே கொடுக்கிறார்கள். ஓர் ஏழைப் பிள்ளையின் சப்பாத்துக்கு நாம் காட்டும் இந்தச் சிறு கவனத்தைப் பெரு வணிகத்திடம் எதிர்பார்ப்பது பேராசையாகாது. அதுவரை, ஏமாந்த தாய் மகனிடம் வாய் திறந்து சொல்லட்டும். வெட்கப்பட வேண்டியவள் அவளல்லள்.