பரிமாறுபவரின் கண்

கல்லூரித் தெருக் காப்பி ஹவுஸுக்கு நம் சங்கத்து அன்பர்கள் போகாத வாரமே கிடையாது. பழைய ஆல்பர்ட் மண்டபத்தில், தாகூரின் பெரிய படத்துக்குக் கீழே, ஒரு கோப்பை 'இன்ஃப்யூஷ'னை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அரசியல் பேசுவார்கள். எழுந்திரு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ஆனால் திரும்பி வந்ததும் அவர்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "சர்வீஸ் மோசம்!" சர்வர் சிரிப்பதில்லையாம், கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

இந்தக் குற்றச்சாட்டை நான் ஒப்பமாட்டேன். சிரிப்பதற்குப் பயிற்சி கொடுத்துவிடலாம். கண்ணுக்குக் கொடுப்பதுதான் கடினம். அந்தத் தலைப்பாகைக்காரரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஏழெட்டு மேஜைகள், துண்டுக் காகிதம்கூட இல்லாமல் யார் என்ன கேட்டார் என்பது அவர் நினைவில் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் அவர் "என்ன வேண்டும்?" என்று அவசரப்படுத்துவதில்லை, தண்ணீரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். விவாதம் சூடாக இருக்கும் மேஜையில், ஆட்டும் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்துக் கோப்பையை வைக்கிறார். உபசாரம் என்பது இதுதானே?

மதுக்கூடம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் சற்றே பொறுத்தருள்க. அங்கே ஊற்றிக் கொடுப்பவனுக்கு இதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. கேட்டதைக் கொடுக்க வேண்டியவன் ஒரு கட்டத்தில் "போதும்" என்று மறுக்கவும் வேண்டும். அதுவும் நண்பர்கள் எதிரில் அந்த மனிதரின் மானம் போகாமல். முதலாளிக்கு வருமானம் குறையும். வாடிக்கையாளருக்குக் கோபம் வரும். இருந்தும் மறுக்கிறவனே அத்தொழிலில் நல்லவன். வாடிக்கையாளர் சொன்னதெல்லாம் சரி என்ற வியாபார மந்திரம் அங்கே பலிக்காது.

காப்பி ஹவுஸ் சர்வரை நாம் ஏவலாளாக நினைப்பதில் இன்னொரு பிழையும் இருக்கிறது. காப்பி போர்டு தன் கடைகளை மூடி ஊழியர்களை வெளியே அனுப்பியபோது, ஏ. கே. கோபாலன் போன்றோரின் துணையோடு அவ்வூழியர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் பல நகரங்களில் கடைகளை ஏற்று நடத்தினார்கள். கல்லூரித் தெருக் கடையும் ஊழியர் கூட்டுறவின் கையில் இருப்பதுதான். நாம் விரலைச் சொடுக்கி அழைப்பவர் அந்த இடத்தின் பங்காளி! பஸ் கண்டக்டரை "தாதா" என்று அழைக்கக் கற்றுக்கொண்ட நம்மவர்களுக்கு, மேஜை முன் உட்கார்ந்ததும் அந்தச் சொல் ஏன் மறந்துபோகிறதோ தெரியவில்லை.

சரி, நம் சர்வீஸ் எப்படி? சென்ற பொங்கல் விருந்தில் நாம்தானே பரிமாறினோம்! இலையைப் பார்த்துப் பரிமாற வேண்டியவர்கள் வாளியைப் பார்த்துக்கொண்டு ஓடினோம். போதும் என்று கை மறித்தவர் இலையில் சோறு குவிந்தது. மோருக்குக் காத்திருந்தவருக்குக் கை காய்ந்தது. பாதித் தொண்டர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவற்றையெல்லாம் மன்னிக்கலாம். காலை 5 மணியிலிருந்து அடுப்படியில் நின்ற சமையற்காரர்களும் பாத்திரம் தேய்த்த பெண்களும் உட்கார்ந்தபோது மணி 4. பாயசம் தீர்ந்துவிட்டிருந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டேதான் விடைபெற்றார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, சர்வர் சிரிக்கவில்லை என்று குறை கூற எனக்கு நா எழவில்லை.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம்: இவ்வாண்டு, பாயசம் இறக்கியவுடன் சமையற்கட்டாருக்கு உரியதைத் தனியே எடுத்து மூடி வைத்துவிடுங்கள். ஒரு பந்தியாவது பரிமாறாமல் எந்த உறுப்பினரும் இலை முன் உட்காரக் கூடாது என்றும் விதி செய்யுங்கள்; தலைவருக்கும் விலக்கு வேண்டாம். முதல் பந்திக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஆனால் சாம்பார் வாளி மட்டும் வேண்டாம். சென்ற முறை பேராசிரியர் ஒருவரின் வேட்டி பட்ட பாட்டை அவர் இன்னும் மறக்கவில்லை.