வெற்றிக்குப் பின் பூட்டப்பட்ட கதவு

தோல்வியடைந்த நிறுவனம் மூடப்படுவது வணிகத்தில் இயல்பு. வென்ற நிறுவனமும் மூடப்படுமா? டோக்கியோவில் இயங்கிவந்த 'டாங்கோ கேம்வொர்க்ஸ்' என்ற விடியோ விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனத்தை மூடுவதாக 2024 மே 7 அன்று அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, பலரும் எழுப்பிய கேள்வி இதுதான். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், டாங்கோ உருவாக்கிய 'ஹை-ஃபை ரஷ்' விளையாட்டு பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றிருந்தது.

இந்த முரணைப் புரிந்துகொள்ள டாங்கோவின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். 1996-இல் வெளியாகி உலகப் புகழ்பெற்ற 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டை இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. அவர் 2010-இல் டாங்கோவைத் தொடங்கினார். இளம் படைப்பாளிகளை வளர்த்தெடுப்பது அவரது நோக்கங்களுள் ஒன்று. ஆனால், அதே ஆண்டிலேயே அமெரிக்காவின் ஜெனிமேக்ஸ் நிறுவனம் டாங்கோவை வாங்கிவிட்டது. திகில் விளையாட்டான 'தி ஈவில் விதின்' 2014-இலும், அதன் இரண்டாம் பாகம் 2017-இலும் வெளியாயின.

2021-இல் ஜெனிமேக்ஸையே 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்தப் பெருங்கணக்கில் டாங்கோ ஒரு வரி மட்டுமே. ஆயினும், 2023 ஜனவரியில் அது வியப்பளித்தது. திகிலுக்குப் பெயர்பெற்றிருந்த குழு, இசையின் தாளத்துக்கேற்ப நகரும் வண்ணமயமான 'ஹை-ஃபை ரஷ்' விளையாட்டை முன்விளம்பரம் ஏதுமின்றி, அறிவித்த நாளிலேயே வெளியிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை விளையாடினர். இதற்கிடையே மிகாமி டாங்கோவிலிருந்து விலகினார்.

பிறகு ஏன் கதவு பூட்டப்பட்டது? விளையாடியவர்கள் அனைவரும் விலை கொடுத்து வாங்கியவர்கள் அல்லர். மாதச் சந்தா செலுத்தினால் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை விளையாடலாம் என்பது மைக்ரோசாஃப்டின் திட்டம். அதில் ஒரு தனி விளையாட்டு ஈட்டிக்கொடுத்தது எவ்வளவு என்பதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுவது கடினம். 2023 அக்டோபரில் 6,870 கோடி டாலர் மதிப்பில் ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கிய அந்நிறுவனம், அடுத்த ஜனவரியில் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரைப் பணிநீக்கம் செய்தது. பெரும் வருவாய் தரும் தலைப்புகளுக்கே இனி முன்னுரிமை என்ற நிலையில், சிறிய குழுவின் நற்பெயர் கணக்கில் வரவாகப் பதிவாகவில்லை. தன் பணத்தை எங்கு முதலீடு செய்வது என்று தீர்மானிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், நன்றாக உழைத்தால் பணி நிலைக்கும் என்ற நம்பிக்கையை இந்தக் கணக்கு பொய்யாக்கிவிட்டது.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2024 ஆகஸ்டில், 'பப்ஜி' மூலம் இந்திய இளைஞர்களுக்கு நன்கு அறிமுகமான தென்கொரியாவின் கிராஃப்டன், டாங்கோவையும் 'ஹை-ஃபை ரஷ்' உரிமையையும் பெற்றுக்கொண்டது. 'தி ஈவில் விதின்' உள்ளிட்ட முந்தைய படைப்புகளின் உரிமையோ மைக்ரோசாஃப்டிடமே தங்கிவிட்டது. படைத்தவர்கள் ஓரிடம், படைப்பு வேறிடம்.

இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. அனிமேஷன், விளையாட்டுத் துறையை வளர்க்கப் பணிக்குழு அமைக்கப்படும் என்று மத்திய அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இத்துறை எத்தனை பேருக்கு வேலை தரும் என்பதையே நாம் பெரிதும் பேசுகிறோம். உருவாக்கப்படும் படைப்பு யாருக்குச் சொந்தம், நிறுவனம் கைமாறினால் ஊழியருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இவற்றைக் கேட்க, இத்துறையை நாடும் நம் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.

டாங்கோவுக்கு மீண்டும் ஒரு கதவு திறந்தது நற்பேறு. நற்பேற்றை நம்பி ஒரு தொழில்துறையைக் கட்டியெழுப்ப முடியாது.