கரையில் நிற்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும்

 

கடலும் கடனீரேரியும் சூழ்ந்த யாழ். குடாநாட்டில் வாழ்கிறோம். ஆனால் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு முறையாக நீந்தத் தெரியும்? பிள்ளைகளுக்கு நீச்சலைக் கற்றுக்கொடுக்கும்படி கலீபா உமர் (ரழி) அவர்கள் வலியுறுத்தியதாக அறிவிப்பு உண்டு. நம் மண்ணும் நீச்சலில் பேர்பெற்ற மண்தான். தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டிலேயே பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை 51 மணித்தியாலத்தில் போய்த் திரும்பி நீந்தினார். அவரே 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரிழந்தார். எத்தனை பெரிய வீரனானாலும் தண்ணீரிடம் அவதானம் வேண்டும் என்பதை அந்த மரணம் நமக்குச் சொல்கிறது.

அந்தக் காலத்தில் கடலும் கேணியும் குளமுந்தான் பயிற்சிக்கூடங்கள். இன்று யாழ். மத்திய கல்லூரியில் நீச்சல் தடாகம் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் ஆனந்தன் பெயரிலேயே ஒரு தடாகம் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே, "உங்கள் பிள்ளையை நீச்சல் அணியில் சேர்க்கச் சம்மதமா?" என்று கேட்டு ஒரு துண்டு உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும். சம்மதம் என்று எழுதும் முன்னரும், வேண்டாம் என்று எழுதும் முன்னரும், அந்த அணி எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிரிக்கெட்டையும் உதைபந்தாட்டத்தையும் பார்த்துப் பழகிய நமக்கு இது சற்றுப் புதிய உலகம்.

அணியின் ஒழுங்கு

தண்ணீரில் மிதக்கத் தெரிவது வேறு, போட்டிக்கு நீந்துவது வேறு. கடலில் துள்ளி விளையாடும் பையன்கூட தடாகத்தில் முதலில் மூச்சு விடும் முறையைத்தான் பழக வேண்டியிருக்கும். சாதாரணமாக மூன்று படிகள் உண்டு. முதலாவது, நீந்தக் கற்கும் வகுப்பு. இரண்டாவது, நான்கு வகை நீச்சலையும் திருத்தமாகப் பழகும் குழு. மூன்றாவதுதான் போட்டி அணி. பிள்ளையை நேரே மூன்றாவது படியில் ஏற்றும்படி பயிற்றுவிப்பாளரை நெருக்காதீர்கள். பிழையாகப் பழகிய கையசைவைப் பின்னர் திருத்துவது மிகவும் கடினம்.

அந்த நான்கு வகைகள்: சுயபாணி, மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல். நான்கையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்துவது தனிநபர் கலப்பு நீச்சல். நால்வர் ஒருவர்பின் ஒருவராக நீந்துவது அஞ்சல் நீச்சல். பிள்ளைகள் பிறந்த திகதியின்படி வயதுப்பிரிவுகளாகப் பிரிக்கப்படுவார்கள். போட்டிக்குச் செல்லும் பாதைகளும் இரண்டு. ஒன்று பாடசாலைப் பாதை. அது மாகாண மட்டத்துக்கும் பின்னர் அகில இலங்கை மட்டத்துக்கும் போகும். மற்றது கழகப் பாதை. அது தேசிய வயதுப்பிரிவுப் போட்டிகள் வரை போகும். இரண்டிலும் பிள்ளை முன்னேறினால் கொழும்புப் பயணம் வரும். பயணச் செலவு, தங்குமிடம், கூடச் செல்லும் பெரியவர் யார் என்பவற்றை ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டு வைப்பது நல்லது.

இடம் அல்ல, நேரம்

இந்த மாதம் நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் இதுதான். நீச்சலில் பிள்ளையின் முதல் போட்டியாளர் பக்கத்துப் பாதையில் நீந்துபவர் அல்ல, கடிகாரம்தான். தகுதிச் சுற்றில் பிள்ளைகளைப் பல தொகுதிகளாகப் பிரித்து நீந்த விடுவார்கள். பெரும்பாலும் அவரவர் முன்னர் எடுத்த நேரத்தைக் கொண்டே தொகுதி அமையும். வேகமானவர்களுக்கு நடுப்பாதைகளும் மற்றவர்களுக்கு ஓரப்பாதைகளும் கிடைக்கும். எல்லாத் தொகுதிகளும் முடிந்தபின் நேரங்களை ஒன்றாக வரிசைப்படுத்தித்தான் அடுத்த சுற்றுக்குத் தெரிவு செய்வார்கள்.

இரண்டு உதாரணங்களைப் பாருங்கள். சிரியாவிலிருந்து அகதியாகச் சென்ற யுஸ்ரா மர்தினி, 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் கலந்துகொண்டார். தமது தொகுதியில் முதலாவதாக வந்தார். ஆனால் நேரம் போதாமையால் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. தூனிசியாவின் அஹ்மத் ஹஃப்னாவி, 2021இல் டோக்கியோவில் 400 மீற்றர் சுயபாணியின் இறுதிச் சுற்றுக்கு எட்டாமவராக, அதாவது கடைசி ஆளாகத் தெரிவானார். எட்டாம் பாதையில், ஓரத்தில் நீந்தினார். அந்தப் பதினெட்டு வயது இளைஞர்தான் தங்கம் வென்றார்.

ஆகவே பிள்ளை வெளியே வந்ததும் "எத்தனையாம் இடம்?" என்று கேட்காதீர்கள். "போன முறையைவிட எவ்வளவு குறைந்தது?" என்று கேளுங்கள். ஒரு கொப்பியில் திகதி, தூரம், நீச்சல் வகை, நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். தடாகத்தின் நீளத்தையும் கட்டாயம் குறியுங்கள். 25 மீற்றர் தடாகத்தில் திரும்பும் தடவைகள் கூடுதல். ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துப் பாய்வதால் நேரம் குறையும். அதனை 50 மீற்றர் தடாகத்தின் நேரத்தோடு ஒப்பிட்டு, "பிள்ளை பின்னடைந்து விட்டாள்" என்று முடிவு கட்டுவது அநியாயம். வளரும் பருவத்தில் சில மாதங்கள் நேரம் குறையாமலே நிற்பதும் உண்டு. அப்போது ஏசாமல் பொறுமையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: முதல் போட்டிகளில் பிள்ளை தகுதியிழப்புக்கு உள்ளாவது சர்வ சாதாரணம். மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சியிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். மல்லாந்த நீச்சலை மல்லாந்தபடியே முடிக்க வேண்டும். அஞ்சலில் முன்னவர் சுவரைத் தொடும் முன்னர் பாயக்கூடாது. நடுவர் கையை உயர்த்தினால் அவருடன் வாதாடப் போகாதீர்கள். காரணத்தைப் பயிற்றுவிப்பாளர் கேட்டுச் சொல்வார். அதுவும் பிள்ளைக்கு ஒரு பாடந்தான்.

உடை, தொழுகை, நோன்பு

நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி உடை பற்றியது. சர்வதேச விதிப்படி ஆண்களின் போட்டி உடை தொப்புளுக்கு மேலோ முழங்காலுக்குக் கீழோ போகக்கூடாது. அதாவது தொப்புள் முதல் முழங்கால் வரையுள்ள காற்சட்டைக்கு விதியிலேயே இடமுண்டு. பெண்களுக்கான உடை தோளிலிருந்து முழங்கால் வரை நீளலாம். கழுத்தையும் கையையும் மூடக்கூடாது என்கிறது விதி. முழுநீள உடை அணிய விரும்பினால், போட்டியை நடத்துபவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். போட்டி நாள் காலையில் பிள்ளையை மேடையில் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்பது அவளை எல்லார் முன்னும் வெட்கப்படுத்திவிடும். பயிற்சிக்கு இந்த விதி கட்டாயமில்லை. தடாகத்தின் ஒழுங்குக்கு உட்பட்டு, உடலோடு ஒட்டிய நீச்சல் துணியில் முழுநீள உடை அணியலாம். பருத்தி உடை நீரை உறிஞ்சிப் பாரமாகும். அது வேண்டாம்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகும்போது பெண்பிள்ளைகளைச் சத்தமின்றி நிறுத்திவிடுவது நம்மிடையே வழக்கம். ஐந்து வருடம் பாடுபட்டுப் பழகிய பிள்ளைக்கு ஒரு காரணமும் சொல்லாமல் கதவை அடைப்பது நீதியா? நான்கைந்து உம்மாமார் சேர்ந்து, பெண்களுக்கென ஒரு நேரமும் பெண் பயிற்றுவிப்பாளரும் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். தனியாகக் கேட்டால் கிடைக்காதது சேர்ந்து கேட்டால் கிடைக்கலாம். அப்படியும் அமையாவிட்டால், பிள்ளையை இருத்திக் காரணத்தைப் பேசுங்கள். அவளுடைய மனமும் மனந்தானே.

காலைப் பயிற்சிக்காக எழும் பிள்ளை சுபஹைத் தவறவிட நியாயமே இல்லை. தொழுதுவிட்டே புறப்படலாம். ஜும்ஆ நேரத்தையும் ரமழானையும் பயிற்றுவிப்பாளரிடம் ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். நோன்பு காலத்தில் பயிற்சியைக் குறைத்து, இப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சொன்னால் விளங்கிக்கொள்ளாதவர்கள் குறைவு.

கரையில் நம் வேலை

பயிற்றுவிப்பாளர் கற்பிக்கட்டும், நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும், பிள்ளை நீந்தட்டும். நம் வேலை என்ன? நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவது, வயிற்றுக்கு உணவு, காய்ந்த துவாய், ஒரு நல்ல வார்த்தை. கரையில் நின்று "கையை வீசு, காலை அடி" என்று கத்துவது உதவாது. தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு அது விளங்குவதில்லை. விளங்கினாலும் பயிற்றுவிப்பாளர் சொன்னதையும் அது குழப்பிவிடும்.

ஆனால் கேட்க வேண்டியவற்றைக் கூசாமல் கேளுங்கள். உயிர்காப்பாளர் இருக்கிறாரா? உடை மாற்றும் அறையைக் கவனிப்பவர் யார்? பெற்றோர் இருந்து பார்க்கலாமா? பெற்றோரை உள்ளே விடாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். ஆஸ்த்துமா, காதில் சீழ், வலிப்பு ஏதும் இருந்தால் மறைக்காமல் சொல்லி, வைத்தியரிடமும் ஆலோசனை பெறுங்கள்.

ரியூசனையும் மறக்க முடியுமா? புலமைப்பரிசில் வருடமும் சாதாரண தர வருடமும் வந்தால் முதலில் வெட்டுப்படுவது விளையாட்டுத்தான். முழுதாக நிறுத்தாமல் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்துப் பாருங்கள். நன்றாக நீந்திய பிள்ளை இரவில் நேரத்துக்கு உறங்கும். உறங்கிய பிள்ளைக்குப் படிப்பும் ஏறும்.

1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் பிற இடங்களிலும் வாழ்ந்து, மீண்டும் வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மில் பல. இங்கே பக்கத்து வீட்டாரை மறுபடி அறிந்துகொள்ளும் வாய்ப்புகள் தாமாக வருவதில்லை. அஞ்சல் நீச்சலில் நம் பிள்ளை சுவரைத் தொடும் கணத்துக்காக மேடையில் குனிந்து காத்து நிற்பவன் ஒரு தமிழ்ப் பிள்ளையாக இருக்கலாம். கரையில் அவனுடைய அம்மாவும் நம் வீட்டு உம்மாவும் ஒரே வாங்கில் இருப்பார்கள். பதக்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்தப் பழக்கம் வீட்டுக்கு வரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தடாகத்தில் பதக்கம் வென்ற பிள்ளைக்கும் மாரிக் கடல் வேறுதான். பெரியவர் துணையின்றிக் கடலிலோ குளத்திலோ இறங்க அனுமதிக்காதீர்கள். நம் பிள்ளைகளின் உடலுக்கு வலுவையும் உள்ளத்துக்குப் பொறுமையையும் அல்லாஹ் தருவானாக. அடுத்த மாதம் இன்ஷா அல்லாஹ் சந்திப்போம்.