நகைப்பின் நகத்தை நறுக்குவதோ?

ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் 2023ஆம் ஆண்டு எழுந்த பூசலொன்று ஆசிரியராகிய நாம் ஊன்றி நோக்கற்பாலது. றோல்ட் டாலின் கதைகளில் மனத்தைப் புண்படுத்துவன எனக் கருதிய சொற்களைப் பஃபின் பதிப்பகத்தார் மாற்றினர்; கண்டனம் எழவே, பழைய பாடத்தையும் உடன் வெளியிடுவதாக அறிவித்தனர்.

கொழுத்தவன் என்னும் வசையை நீக்கியதை யான் குறைகூறேன். அச்சொல் வகுப்பறையிற் செய்யும் கொடுமையை அறிவேன். ஆயின், 1988இல் வெளிவந்த ‘மற்றில்டா’வின் கொடிய தலைமையாசிரியைக்குரிய குதிரைமுக உவமையையும் அகற்றியது எதற்கு? எளியோரை எள்ளும் நகையும் வலியோரை எள்ளும் நகையும் ஒன்றாமோ?

அவள் மாணவியொருத்தியைப் பின்னல் பற்றிச் சுழற்றி வேலிக்கப்பால் எறிபவள். இத்துணைப் பெருங்கொடுமையைப் பிள்ளைகள் வீட்டில் உரைப்பினும் பெற்றோர் நம்பார். அதுவே அவளுக்கு அரண் என்பதைச் சிறுமி மற்றில்டா கண்டுகொள்கிறாள். இதனை வெறும் மிகைக்கற்பனை என்பார் பள்ளிக்கூடத்தை மறந்தவர். அடிபட்ட பிள்ளை வாய்திறவாமைக்கு அச்சம் பாதி, நம்பமாட்டார் என்ற எண்ணம் பாதி. டாலும் பட்டறிந்தவரே: றெப்ரன் பள்ளியில் மூத்த மாணவருக்காகக் குளிர்ந்த மலகூட இருக்கையில் அமர்ந்து சூடேற்றியதைத் தம் இளமை நினைவுநூலில் 1984இல் எழுதினார்!

முடிவில், கரும்பலகையிற் சுண்ணக்கட்டி தானாகவே எழுத, தலைமையாசிரியை மயங்கி வீழ்ந்து, பின் ஊரைவிட்டே மறைகிறாள். அவ்விடத்தை வகுப்பில் வாசித்துப் பாருங்கள். பின்வாங்கிலிருந்து முதலில் சிரிப்பவன் யாரென்பதையும் கவனியுங்கள்.