ஏழ்மையின் பெயரால் ஒரு வரிச்சலுகை

அமைச்சர்களின் வருமான வரியை அரசே கட்டினால் செலவாவது சிறு தொகைதான், அதற்குக் கொதிப்பது வெறும் பொறாமை என்று வாதிடுவோர் உத்தரப் பிரதேசத்தின் அனுபவத்தைக் கணக்கில் கொள்வதில்லை. வி. பி. சிங் முதலமைச்சராக இருந்த 1981-இல், அமைச்சர்கள் பலர் ஏழைகள் என்ற காரணம் கூறப்பட்டு, அவர்களது சம்பளத்துக்கான வரியைக் கருவூலமே, அதாவது பொதுமக்களின் பணமே, செலுத்த வழிசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. ஏழ்மைதான் காரணமென்றால் வசதியுள்ளோரையாவது அது விலக்கியிருக்க வேண்டும். ஆனால், 2012-இல் 111 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துக் காட்டிய மாயாவதியின் ஆட்சிக்காலத்திலும் அச்சட்டம் நடப்பில் இருந்தது. அதே தலைமைச் செயலகத்தில் அமைச்சரின் கோப்புகளைத் தயாரிக்கும் அலுவலருக்கோ, சம்பளம் கைக்கு வருமுன்பே வரி கழிக்கப்படுகிறது. 2019-இல் அரசு கட்டிய தொகை ஏறத்தாழ 86 லட்சம் ரூபாய் என்பதும், மாநில வரவுசெலவில் அது மிகச் சிறியது என்பதும் மெய்யே. எனினும், பிறரிடம் வரி கேட்கும் அதிகாரம் உடையோர் தம் வரியையும் அவர்கள் தலையிலேயே கட்டுவது, தொகை எவ்வளவாயினும், அநீதியே. அவ்வாண்டு செப்டம்பரில் நாளிதழ் ஒன்று இதை வெளிப்படுத்திய பிறகே, நாற்பது ஆண்டுகளை நெருங்கிய அந்த ஏற்பாட்டை அரசு கைவிட்டது.