கடினம் வேறு, அநியாயம் வேறு

தேர்வில் ஒரு கணக்கு கடினமாக இருந்தால் குறை சொல்ல மாட்டோம். ஆனால், நன்றாகப் படித்தவரும் படிக்காதவரும் ஒன்றுபோல் விழிக்கும்படி கணக்கே தவறாக இருந்தால்? "எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தானே" என்ற சமாதானத்தை நீங்கள் ஏற்பீர்களா? கோல்ப் ஆட்டத்திலும் இந்தக் கேள்வி எழுந்ததுண்டு.

கோல்ப் ஆட்டத்தில் 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியில் பந்தை விழச் செய்ய வேண்டும். குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய இடத்துக்குக் 'கிரீன்' என்று பெயர். அதை வேண்டுமென்றே மேடும் சரிவுமாக அமைப்பார்கள். சரிவில் புவியீர்ப்பு பந்தைக் கீழே இழுக்கிறது; புல்லின் தடை அதை நிறுத்தப் பார்க்கிறது. தடை குறைந்துவிட்டால் பந்து நிற்காமல் ஓடும்.

இந்தத் தடையை அறிய ஓர் எளிய கருவி உண்டு. 1935-ல் எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. பந்தை வைத்த கோலின் ஒரு முனையை மெதுவாக உயர்த்தினால், குறிப்பிட்ட சாய்வில் பந்து தானே உருண்டு இறங்கும். சமதளப் புல்லில் அது எத்தனை அடி ஓடுகிறதோ, அதுவே கிரீனின் வேகம். சரிவு அதிகமானால் இந்த வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

இதை மறந்தால் என்ன ஆகும்? 2004-ல் நியூயார்க் மாநிலத்தின் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் போட்டி நடந்தது. இறுதி நாளில் 7-வது கிரீன் காய்ந்து இறுகிப்போயிற்று. நன்றாக அடித்த பந்துகள்கூட நிற்காமல் வெளியே ஓடின. அதிகாரிகள் ஆட்டத்தின் நடுவிலேயே தண்ணீர் தெளித்தார்கள். முன்னால் ஆடியவர்களுக்கு ஒரு தரை, பின்னால் வந்தவர்களுக்கு வேறு தரை! 'ஒரே வினாத்தாள்' என்ற சமாதானமும் போயிற்று.

"இயற்கையோடு போராடுவதுதானே கோல்ப்?" என்பார்கள் சிலர். காற்று இயற்கைதான். ஆனால் புல்லை வெட்டுவதும் நீர் பாய்ச்சுவதும் மனிதர் செயல்கள் அல்லவா? அந்தச் சரிவு பல ஆண்டுகளாக அங்கேயே இருந்தது, மாறியது தடைதான். நல்ல அடிக்கும் மோசமான அடிக்கும் ஒரே பலன் கிடைத்தால், அங்கே திறமைக்கு வேலையில்லை. அதைக் கடினம் என்று சொல்வது தவறு, அது அநியாயமே.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு பலகையைச் சற்றுச் சாய்த்து, அதன்மேல் துண்டை விரித்து ஒரு கோலிக்குண்டை வையுங்கள். பிறகு துண்டை எடுத்துவிட்டு, அதே சாய்வில் மீண்டும் வையுங்கள். எது மாறியது என்பது உங்களுக்கே விளங்கும்.